லயத்துக் காதலில் சிரிப்பு எங்கே இருக்கிறது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு நாவலாசிரியை ஒருவரின் நகைச்சுவைக் காதல் கதைகளை விழுந்து விழுந்து சிரித்து வாசித்திருக்கிறீர்கள். காதலில் அடிபட்ட ஒருத்தி ஊரைவிட்டுக் கிளம்பிப் போய், ஏடாகூடமாக நாலு காரியம் செய்து, கடைசியில் தான் யார் என்று தெரிந்துகொள்கிற வகை. அதே மாதிரி ஒன்றைத் தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் வைத்து எழுதத் தொடங்கி, நாலு அத்தியாயம் முடித்திருக்கிறீர்கள். வாசித்துப் பார்த்த சிநேகிதி, "நம்ம சனம் படுற பாட்டுல உனக்குச் சிரிப்பு வருதா?" என்று கேட்டுவிட்டார். அதனால் இலங்கையின் மலையகத்தை வைத்து இப்படி எழுதலாமா, எழுதினால் பேச்சுத் தமிழிலா எழுத்துத் தமிழிலா என்று கேட்கிறீர்கள். ஆனால் இடையில் ஒரு வரி போகிற போக்கில் வருகிறது: இரண்டாம் அத்தியாயத்தில் கதாநாயகி தன் காதலன் வாங்கிக் கொடுத்த போனை வீட்டில் ஒளித்து வைக்கிறாள், அதற்குப் பிறகு கதை நகரமாட்டேன் என்கிறது. எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. எழுதலாமா என்பதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்லலாம். ஏன் நகரவில்லை என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவன். ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகளில் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றேன். போட்டிகளுக்கு வரும் சிறுகதைகளையும், "அச்சுக்குப் போகுமுன்ன ஒருக்கா பாத்துத் தாங்க சேர்" என்று கையில் தரப்படும் பிரதிகளையும் வருடக்கணக்காக வாசித்து வந்திருக்கிறேன். சொந்தமாக நாவல் எழுதியதில்லை. ஆகவே லயம், கூத்து, பாட்டு, கொழுந்து நிறுக்கும் மடுவம் பற்றிச் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். கதையை எப்படிக் கட்டுவது என்பது பற்றிச் சொல்வதை ஒரு கிழட்டு வாசகனின் அபிப்பிராயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதலாமா? தாராளமாக. ஆனாலும் உங்கள் சிநேகிதியின் கோபத்தைத் தட்டிவிட வேண்டாம், அதற்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. மலையகப் புனைகதை கண்ணீரோடு வளர்ந்ததற்கு எழுத்தாளர்களின் சுபாவம் காரணமில்லை. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964 இல் வந்தது. அதே வருடம் ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு பிரதமர்கள் கையெழுத்து வைத்தார்கள். லயத்தில் பக்கத்துப் பக்கத்து அறையில், காம்பராவில், வளர்ந்த பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் பையனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் வந்தால், அந்தக் காதல் இந்தியா போகும் தலைமன்னார் கப்பலோடு முடிந்தது. அப்படிப்பட்ட காலத்தில் காதல் கதை எழுதியவர்களிடம் போய் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்க முடியாது.

ஆனால் எழுதியவர்கள் அழுதார்கள் என்பதற்காக, வாழ்ந்தவர்கள் சிரிக்கவில்லை என்று ஆகிவிடாது. நம் நாட்டார் பாட்டுகளை எடுத்துப் பாருங்கள். எண்ணிக்கைக்குக் குழி வெட்டி இடுப்பொடிந்து நிற்கிறவன், மேலே நின்று "வெட்டு வெட்டு" என்று கத்தும் கங்காணியை 'வேலையத்த கங்காணி' என்று பாடுகிறான். வேலை செய்கிறவன் தான், வேலையில்லாதவன் அவன். இதைவிடக் கூர்மையான நையாண்டியை நான் படித்த எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. பாடியவனுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்காது. சிரிப்பு இந்த மண்ணில் இருக்கத்தான் செய்தது. அச்சுக்குப் போகும் வழியில் எங்கோ தங்கிவிட்டது.

காதலையும் சிரிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் காமன் கூத்துக்கு வாருங்கள். மாசி மாதம் அமாவாசை கழிந்து காமன் கம்பம் நட்டுத் தொடங்கும், பௌர்ணமியை ஒட்டி முடியும். ரதிக்கும் மதனுக்கும் கல்யாணம் நடக்கும். தவத்தைக் கலைக்கப் போன மதனை சிவன் எரிப்பார், ரதி ஒப்பாரி வைப்பாள், பிறகு மதன் எழுந்து வருவான். பல தோட்டங்களில் ரதியும் மதனும் தப்புச் சத்தத்தோடு லயம் லயமாக ஆடிக்கொண்டு வருவார்கள். ரதி வேஷம் கட்டுகிறவர் ஆண். முந்தின நாள் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய ஆள், மீசையை எடுத்துவிட்டு, சேலை கட்டி, விரதம் இருந்து ஆடுகிறார். வாசலில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் அது யார், எந்த லயம், கடைக்கு எவ்வளவு பாக்கி என்பது வரை தெரியும். தெரிந்துகொண்டே "ரதி அம்மா" என்று கும்பிடுவார்கள். சிறுவர்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். மதன் எரிந்த இரவில் அதே ஆள் ஒப்பாரி வைக்கும்போது அதே பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். கேலியும் கண்ணீரும் ஒரே ஆட்களிடம், ஒரே ஆளைப் பார்த்து வருகின்றன. உங்கள் சிநேகிதிக்கு நான் தரும் பதில் இந்தக் கூத்துத்தான். (மன்மதன் எரிந்தானா எரியவில்லையா என்று தஞ்சைப் பக்கம் லாவணிப் பாட்டுக் கட்சிகள் விடிய விடிய வாதாடியது வேறு கதை. வக்கீல்கள் தோற்றுப்போவார்கள்.)

கூத்தைப் பற்றி இவ்வளவு சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே எல்லாருக்கும் எல்லாம் தெரியும், எல்லாரும் தெரியாத மாதிரி இருக்கிறார்கள். உங்கள் நாவல் நின்றுபோன இடமும் இதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் ரசித்து வாசித்த கதைகளை ஓட்டுவது ரகசியம். அவளுக்குத் தனியாக ஓர் அறை இருக்கிறது. கதவைப் பூட்டிக்கொண்டு அழலாம். தப்பான ஆளுக்குக் கடிதம் எழுதலாம். ஒருத்தருக்குத் தெரிந்தது இன்னொருத்தருக்குத் தெரியாமல் முந்நூறு பக்கம் ஓடும். அந்த இடைவெளியில்தான் சிரிப்பு வருகிறது. நீங்கள் அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் வைத்துவிட்டீர்கள். போனை எங்கே ஒளிப்பாள்? அரிசி வாளியில் அம்மா கை போடுவாள். சாமிப் படத்துக்குப் பின்னால் அப்பாயி விளக்கு வைப்பாள். முன் திண்ணையான இஸ்தோப்பில் விறகுக்குக் கீழே என்றால் தம்பி முதலில் பார்ப்பான். தப்பித்தவறி மணி அடித்தால் தகரக் கூரைக்கு அடியால் அடுத்த காம்பராவுக்கும் கேட்கும். லயத்தில் ஒரு ரகசியம் ஒரு பொழுது தாங்காது. அதை நாற்பது பக்கம் தாங்கவைக்க நீங்கள் பாடுபட்டிருக்கிறீர்கள், அதனால்தான் மூன்றாம் அத்தியாயத்தில் எல்லாரும் திடீரென்று செவிடும் குருடுமாகிவிட்டார்கள்.

தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' என்ற சிறுகதை, ஒரு குடும்பம் முழுவதும் ஒரே காம்பராவில் படுத்து எழும்ப வேண்டியிருப்பதன் அவலத்தைச் சொல்கிறது. வாசித்திருப்பீர்கள், இல்லாவிட்டால் உடனே வாசியுங்கள். நீங்கள் எழுத நினைக்கும் சிரிப்புக்கும் அந்தக் கதையின் வேதனைக்கும் இடம் ஒன்றுதான். அந்த நெருக்கத்தை மறந்துவிட்டு எழுதினால்தான் அது நம் சனத்துக்குச் செய்யும் அவமரியாதை. நெருக்கத்தையே கதையை ஓட்டும் விசையாக்கினால் நீங்கள் உள்ளே நின்று எழுதுகிறீர்கள்.

ஆகவே போனை இப்படி ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அவள் அரிசி வாளியில் வைக்கிறாள். மறுநாள் பார்த்தால் போன் துணி மூட்டைக்குள் இருக்கிறது. தானே இடத்தை மறந்துவிட்டோம் என்று நினைக்கிறாள். அடுத்த நாள் பழைய குடைக்குள். அப்பா கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று அம்மா ஒருதரம் மாற்றியிருக்கிறாள், அம்மா கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று அப்பா ஒருதரம் மாற்றியிருக்கிறார். ஒரு காலையில் சார்ஜ் இறங்கிக் கிடந்த போன் முழுதாக ஏறியிருக்கிறது. அவள் போடவில்லை. அப்பாயிதான் போட்டாள், "பாவம், ராவெல்லாம் செகப்பு லைட்டு மின்னிக்கிட்டே கெடந்துச்சு" என்று. ஆனால் இதை அப்பாயி கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் சொல்லக் கூடாது. எல்லாரும் தெரியாத மாதிரி இருப்பதற்குப் படும் சிரமம்தான் உங்கள் நகைச்சுவை. அதில் கேலி இல்லை. ஒருவருக்கொருவர் கொடுக்கும் மரியாதை இருக்கிறது, கொஞ்சம் பயமும் இருக்கிறது.

வேலைத்தலத்திலும் இதே கதைதான். கொழுந்து மடுவத்தை ஏன் நாலு அத்தியாயத்திலும் தொடவே இல்லை? காதல் அங்கே தராசில் தெரியும். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு என்றும் மழைத் தண்ணிக்கு என்றும் கிலோ கழிப்பது நம் தோட்டங்களின் பழைய வயிற்றெரிச்சல். ஒரு மழை நாளில் புதிதாக வந்த இளம் கணக்கப்பிள்ளை எல்லாருக்கும் இரண்டு கிலோ கழிக்கிறான், இவளுக்கு மட்டும் கழிக்க மறந்துபோகிறான். வேண்டுமென்று செய்யவில்லை, உண்மையாகவே மறந்துவிட்டான். வரிசையில் பின்னால் நிற்கும் கிழவி கேட்கிறாள்: "ஏங்கய்யா, அவ நிரையில மட்டும் மழ பேயலியா?" மடுவமே சிரிக்கிறது. தனக்கு அவள்மேல் விருப்பம் என்பது அவனுக்கே அந்த நிமிடத்தில்தான் தெரிகிறது. அவளுக்கு முகம் சிவந்துவிடுகிறது. "எனக்கும் கழிங்க!" என்று சண்டைக்கு நிற்கிறாள். கழித்தால் அன்றைக்கு எடுக்க வேண்டிய 18 கிலோவுக்குக் கீழே போய்விடும், முழுநாள் சம்பளமான முழுப்பேர் விழாது, அரைப்பேர்தான். மானத்துக்காக அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஏச்சு வாங்குகிறாள். வாசகர் சிரிப்பார், அந்த அரைப்பேரின் விலையும் கூடவே தெரியும். வறுமையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஆனால் வறுமை இல்லையென்றால் அந்தச் சிரிப்புக்கு எடையில்லை.

இதுவரை சொன்ன லயத்து விஷயங்களில் எனக்குச் சந்தேகமில்லை. இனிச் சொல்வது என் ஊகம், உங்களுக்கு ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள். நீங்கள் வாசித்த கதைகளில் கதாநாயகி தன்னைத் தெரிந்துகொள்வதற்குத் தனியாகப் போகிறாள். தனிமையில் போய் உட்கார்ந்தால் உள்ளே இருப்பது தெரியவரும் என்பது அந்தக் கதைகளின் நம்பிக்கை. லயத்தில் வளர்ந்தவளுக்கு இது பொருந்துமா? அவள் யார், யார்மேல் ஆசை, எதற்குப் பயம், எப்போது பொய் சொல்வாள் என்பதெல்லாம் பீலியில் தண்ணி பிடிக்கும் அத்தனை பேருக்கும் முன்கூட்டியே தெரியும். கடைசியாகத் தெரிந்துகொள்பவள் அவள்தான். உங்கள் நாவலுக்கு இதைவிட நல்ல ஓட்டம் எனக்குத் தோன்றவில்லை: ஊரே அறிந்த விஷயத்தை ஒருத்தி முந்நூறு பக்கம் கழித்துக் கண்டுபிடிக்கிறாள். அது இனிக்கவும் செய்யும், எரிச்சலும் தரும். ஊர் தன்னைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பதில் எது சரி, எது வெறும் வாய்ச்சொல் என்று பிரித்தெடுக்கும் வேலை அவளுடையது. அங்கேதான் கதை கனக்க ஆரம்பிக்கும்.

அவளைக் கொழும்புக்கு அனுப்புகிறீர்கள், நல்லது. நம் பிள்ளைகள் கடைகளுக்கும் கார்மெண்டுக்கும் வீட்டு வேலைக்கும் போகிறார்கள். ஆனால் அவள் அங்கே கடற்கரையில் உட்கார்ந்து வாழ்க்கையை யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். லீவு நாளில் அவளுக்கு உடுப்புத் துவைக்கவே பொழுது போதாது. அவள் மாறியிருப்பது தீபாவளிக்குத் திரும்பி வரும்போது தெரியட்டும். கொழும்புக் கோட்டையில் உடரட்ட மெனிக்கே ரயில் ஏறி, ஹட்டனில் இறங்கி, பஸ் பிடித்து, சந்தியிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருகிறாள். எதிரில் வருகிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு தீர்ப்புச் சொல்கிறார்கள்: வெளுத்துட்டா, மெலிஞ்சுட்டா, பேச்சு மாறிடுச்சு. கண்ணாடி இல்லாமலே முழு உருவத்தையும் காட்டிவிடுகிற ஊர் அது.

காதலுக்கு இடையூறு வேண்டும் என்றால் வில்லனைத் தேடாதீர்கள், முறை பார்க்கிற பெரியவர் ஒருவர் போதும். எந்தத் தோட்டத்திலும் ஒருவர் இருப்பார். தாத்தா எந்தக் கங்காணியோடு எந்த ஊரிலிருந்து வந்தார், யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில். இரண்டு பேர் பெயரைச் சொன்னால், அரை மணி நேரம் கணக்குப் போட்டு, "அவன் ஒனக்கு அண்ணன் மொறையில்ல ஆகுது" என்று முடித்துவிடுவார். பிறகு அதே சங்கிலியை அம்மா வழியாகத் திருப்பிப் போட்டு மச்சான் முறையாக்க முடியும், அதற்கு ஒரு போத்தல் செலவாகும். இதை ஒரு முழு அத்தியாயமாகவே எழுதலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: முறைக் கணக்கைச் சாக்காக வைத்துச் சாதியை மறைத்துப் பேசுவதும் இதே பெரியவர்தான். அதை நீங்கள் பார்க்காத மாதிரி கடந்துபோனால் கதை பொய்யாகிவிடும். நிறுத்தி விரிவுரை செய்யவும் வேண்டாம். யாருக்கு மட்டும் அந்தக் கணக்கு எப்படிச் சுற்றினாலும் மச்சான் முறையில் வந்து முடிவதில்லை என்று காட்டினால் போதும்.

இன்னொரு சங்கதியும் உங்களுக்கு உதவும். 'நான் யார்' என்ற கேள்வி நம் ஊரில் தத்துவமாக வரவில்லை, அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்தது. 1948 இல் குடியுரிமை போனது, கடைசியாக மிஞ்சியிருந்தவர்களுக்கும் அது சட்டப்படி கிடைக்க 2003 ஆகிவிட்டது. இடையில் இருந்த அரை நூற்றாண்டு முழுவதும் நம் பெரியவர்கள் தாங்கள் யார் என்று தாளில் நிரூபித்துக்கொண்டே இருந்தார்கள். அந்த மிச்சம் இன்னும் போகவில்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் ஒரு பெயர், லயத்தில் கூப்பிடுவது நாலாவது பெயர். சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை எடுக்கும்போதுதான் பல பிள்ளைகளுக்குத் தங்கள் பெயர் என்னவென்று தெரியவரும். விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்த வாத்தியார் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வரிசையில் நிற்கும் பெற்றோரின் வாக்குவாதங்களை எழுதினாலே அரை நாவல் ஆகிவிடும். கல்யாணப் பதிவுக்குப் போகும் உங்கள் கதாநாயகி, பதிவாளர் வாசித்துக் காட்டும்போது தன் முழுப் பெயரை முதல்முறையாகக் கேட்கட்டும். மாப்பிள்ளையும் அப்போதுதான் கேட்கட்டும்.

சுலபமாகக் கிடைக்கும் சிரிப்புகளைத் தள்ளிவைக்கச் சொல்வேன். குடித்துவிட்டு உளறும் அப்பா, பிழையாக இங்கிலீஷ் பேசும் அத்தை, உடைந்த தமிழ் பேசும் சிங்களக் கடைக்காரர். நாடகப் போட்டிகளில் இவற்றைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. தோட்டத் துரையையும் தொழிற்சங்கத் தலைவரையும் கேலி செய்யலாம், ஆனால் அவர்களும் எதிர்பார்த்தே இருப்பார்கள். யாரும் இன்னும் நன்றாக எழுதாத ஆள் ஒருவர் இருக்கிறார்: தோட்டத்திலிருந்து படித்து வெளியே போய், திருவிழாவுக்கு மட்டும் வந்து, எல்லாருக்கும் புத்தி சொல்கிறவர். நானும் அந்த வகையில் சேர்வேன், ஆகவே தாராளமாக எழுதுங்கள். போனில் வளர்கிற இந்தக் காலத்துக் காதலைப் பற்றி நான் சொல்லி நீங்கள் கேட்க ஒன்றுமில்லை. சிக்னல் கிடைக்கிற பாறையில் யார் யார் எந்நேரம் நிற்கிறார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மொழி விஷயம். உரையாடலை நம் பேச்சில் எழுதுங்கள், தயங்க வேண்டாம். கதை சொல்லும் குரல் எழுத்துத் தமிழாக இருந்தாலும் பிழையில்லை, அவளே சொல்கிற கதை என்றால் முழுவதும் பேச்சாகவே போகலாம். இரண்டு அத்தியாயங்களில் உங்கள் ஆட்கள் சென்னை சினிமாக்காரர்கள் மாதிரிப் பேசுகிறார்கள், "செம", "மொக்க" என்று. இன்றைய பிள்ளைகள் அப்படியும் பேசுகிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்பாயி பேசமாட்டாள். பெரட்டு, கவ்வாத்து, இஸ்தோப்பு, மடுவம், பிள்ளைக்காம்பரா என்று வரும் தோட்டத்துச் சொற்களுக்குப் பின்னால் அருஞ்சொல் அட்டவணை போடாதீர்கள். யாழ்ப்பாணத்து வாசகரும் மதுரை வாசகரும் இரண்டு பக்கம் தடுமாறிவிட்டுப் பிடித்துக்கொள்வார்கள். பதிப்பாளர் அட்டவணை கேட்டால் அவரோடு நீங்களே பேசிக்கொள்ள வேண்டியதுதான், அந்த வியாபாரம் எனக்குப் பழக்கமில்லை. தோட்டத்துக்கு மட்டும் கற்பனைப் பெயர் வையுங்கள். வைத்த பிறகு அந்தப் பெயரில் நிஜமாகத் தோட்டம் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் புத்தகம் வந்த மறுவாரமே அந்தக் கணக்கப்பிள்ளை யார் என்று விசாரிக்க ஆள் கிளம்பிவிடும்.